விளக்கு இன்னும் வாங்கவில்லை

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேர மறுக்கிறது. உங்கள் அத்தைக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, அதிகாரம் இறங்கவில்லை. மலைக்குள் உங்கள் பாடு எப்படி? போன தடவை இருமிக்கொண்டே கிளம்பினீர்களே, தேவலையா?

பாப்பா இங்கே வந்திருக்கிறாள். நீங்கள் சுரங்கப்பாதை வேலைக்குப் போய்விட்டால் அங்கே தனியாக எதற்கு இருப்பது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். நல்லதுதான். அவளுடைய அறையை நான் பட்டறையாக மாற்றி வைத்திருந்தேன். அம்மாவும் மகளும் ஒரே காலையில் என் சாமான்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டார்கள். அதில் நம்முடைய சைக்கிள் விளக்கு அலமாரியிலிருந்து விழுந்து செத்துப்போனது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ உருளுகிறது.

என் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், மெதுவாக ஓட்டினால் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ராத்திரியில்தான் ஓட்ட வேண்டுமா, பகலில் ஓட்டினால் சைக்கிள் கோபித்துக்கொள்ளுமா என்று அத்தை கேட்கிறாள். பகலில் குன்றுப் பாதையில் குவாரி லாரி வரும், எனக்கு ஹாரன் கேட்காது. தார்ச் சாலையோ எப்போதுமே எனக்கு ஆகாது. இருட்டிய பிறகு மண்பாதைதான் எனக்கென்று விட்ட இடம். ஆகையால் விளக்கு வேண்டும். விலை கட்டுப்படியாக இருக்க வேண்டும். எது வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

போனில் கேளுங்கள் என்கிறாள் பாப்பா. போனில் எனக்கு என்ன விழப்போகிறது? வீடியோவில் பார்த்துப் பேசலாம் என்றால் உங்கள் மலை சிக்னலில் முகம் ஒரு பக்கம் போகிறது, உதடு ஒரு பக்கம் போகிறது. தறிக்கூடத்தில் முப்பது வருஷம் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளியவனையே அது குழப்புகிறது. எழுதுங்கள். லீவு எப்போது?

உங்கள் மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது. தகரப் பெட்டி அறையில் இப்போது தங்கியிருக்கிறேன், மழை பெய்தால் உங்கள் தறிக்கூடம் எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. வாரத்துக்கு ஒரு வண்டி தபாலைக் கொண்டு வருகிறது. உங்கள் கடிதத்தை வண்டியிலிருந்து இறக்கிய இடத்திலேயே நின்று படித்தேன்.

விளக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஹேண்டில் பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. ஹேண்டில் பார் விளக்கு தாழ்வாக இருப்பதால் கல்லுக்கும் வேருக்கும் பின்னால் நிழல் நீளும். நிழலைப் பார்த்தால்தான் மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். தலையில் மட்டும் விளக்கை வைத்தால் நிழல் கண்ணுக்குப் படாது. தரை இஸ்திரி போட்டது மாதிரி சமமாகத் தெரியும், நம்பி இறங்கினால் விழ வேண்டியதுதான். சுரங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் தடுக்கி விழுகிறார்கள். அப்புறம் தலை விளக்கு எதற்கென்றால், வளைவுக்கு. சைக்கிள் திரும்பும் முன் தலை திரும்பிவிடும் அல்லவா? அது சின்னதாக இருந்தால் போதும். கனமாக இருந்தால் கழுத்து வலிக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் லுமென் என்கிற வெளிச்சக் கணக்கை நம்பாதீர்கள். அது மேடைப் பேச்சு மாதிரி, பாதிகூடத் தேறாது. ஹேண்டில் பாருக்கு அகலமாகப் பரவும் வெளிச்சம், நடுத்தர அளவில் வைத்தால் நீங்கள் குன்றைச் சுற்றி வந்து சேரும்வரை அணையாத பேட்டரி. இவ்வளவுதான் கேட்க வேண்டும்.

நெஞ்சில் லேசாகப் பிடித்தாலும் இறங்கி நடங்கள். ஏற்றத்தில் வீரம் வேண்டாம். மாத்திரையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், சீட்டில் உட்கார்ந்தால் நொறுங்கிவிடும். சட்டையின் இடது மேல் பாக்கெட்டில் வையுங்கள். வலது கையால் எடுக்க வசதி. தண்ணீர் பாட்டிலின் மூடியை வீட்டிலேயே ஒரு தடவை தளர்த்தி வையுங்கள். குவாரி மேட்டில் உங்களுக்கு மூச்சு வாங்குவது இரண்டாவது வளைவில்தான். அங்கே உட்காருகிற கல் இருக்கிறது, வெட்கப்படாமல் உட்காருங்கள்.

லீவு பற்றி இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை. பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாத்திரை இடது மேல் பாக்கெட்டுக்கு இடம் மாறிவிட்டது. மற்றபடி உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. அத்தை உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

கடைக்குப் போனேன். கடைக்காரருக்குப் பெட்டிப் புலவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் பெட்டியின் முதுகைத் திருப்பி அதில் அச்சடித்ததை ராகம் போட்டு வாசிக்கிறார். அவர் உதட்டைப் படிப்பதற்குப் பதில் நானே பெட்டியைப் படித்துவிடலாம். மூன்று விளக்கு காட்டினார். முதலாவது, பேட்டரி உள்ளேயே இருக்கிற குட்டி விளக்கு, ரப்பர் பட்டையால் மாட்டுவது. இரண்டாவதில் இரண்டு கண்கள், திருகு வைத்த பிடி, பேட்டரி தனிப் பையில். மூன்றாவது ஹெல்மெட்டுக்கு. இரண்டாவதன் வெளிச்சம் நன்றாகப் பரவுகிறது. விலையும் பயமுறுத்தவில்லை. ஆனால் பேட்டரிக்குப் போகிற ஒயர் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "யாரைக் கேக்கணும்?" என்றார். "எங்க வீட்டு மாப்பிள்ளைய" என்றேன்.

லீவு?

உங்கள் மாமா


மார்ச் 26

இதை அப்பாவின் உறைக்குள் வைத்து ஒட்டுகிறேன். தபால் பெட்டிக்கு அவர் என்னைத்தான் அனுப்புகிறார். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு சமாதானமானாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அதிர்ச்சி தருகிற எதையும் கொஞ்ச நாளைக்கு அவர் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். காதில் எதுவும் விழாத மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னதும் எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் சிரிக்கவில்லை.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நான் அவரிடம் சொல்கிறவரை நீங்கள் அவருக்கு மாப்பிள்ளையாகவே எழுதுங்கள். வக்கீல் அனுப்பும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நம் பிரிவு நாம் பேசிக்கொண்டபடியே நடக்கட்டும், சண்டை வேண்டாம். விளக்கு விஷயத்தை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அது முடிந்தால் கடிதமும் தானாக நின்றுவிடும். யாரும் யாரையும் நிறுத்தச் சொன்னதாக இருக்காது.


ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு யோசனை, சீட்டை ஒரு விரல் உயரம் ஏற்றுங்கள். நீங்கள் எப்போதும் அதைத் தாழ்த்தியே வைக்கிறீர்கள், முழங்கால் எப்படிப் பொறுக்கும்?

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். ஒயர் வைத்த விளக்கு மண்பாதைக்கு ஒத்துவராது. புதருக்குள் கிளை மாட்டி இழுத்தால் இணைப்பு கழன்றுவிடும், இறக்கத்தில் இருட்டாகிவிடும். குட்டி விளக்கில் ஒயர் தொல்லை இல்லை, ஆனால் ரப்பர் பட்டை ஜல்லியில் அதிர்ந்து நழுவும். வெளிச்சம் மெல்லக் குனிந்து கடைசியில் உங்கள் முன்சக்கரத்தை மட்டும் காட்டும். ஹெல்மெட் விளக்கு என்ன எடை என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை கையில் வைத்துப் பாருங்கள். அதை மாட்டும் பட்டை ஹெல்மெட்டின் காற்றுத் துளைக்குள் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளிச்சம் வெள்ளையா, மஞ்சள் கலந்ததா? லாரி ஓடிய தூசி இருட்டிலும் கொஞ்ச நேரம் நிற்கும். அதில் வெள்ளை வெளிச்சம் பட்டால் கண்ணுக்கு முன் சுவர் எழுப்பியது மாதிரி இருக்கும். மஞ்சள் தேவலை.

விளக்கு விஷயத்தில் அவசரம் கூடாது மாமா. வேறு கடையிலும் விசாரியுங்கள். மழைக்காலத்துக்குள் சுரங்கம் மலையின் மறுபக்கத்தை எட்டியாக வேண்டும் என்பதால் லீவு கஷ்டம். நீங்கள் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் உடனே உட்காராதீர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நடந்து மூச்சு சரியான பிறகு உட்காருங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 9

உன் துண்டுச் சீட்டு கிடைத்தது. சரி. காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.


மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சீட்டை ஏற்றினேன். முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னது. இப்போதைக்கு விளக்கில்லாமல் வெளிச்சம் மங்கும் வரை மட்டும் வாசல் தெருவில் ஓட்டுகிறேன். தெருப் பிள்ளைகள் எனக்கு மணி அடித்து வழி விடுகிறார்கள், மரியாதை எனக்கா ஸ்டென்ட்டுக்கா தெரியவில்லை.

வேறு கடைக்கும் போனேன், பெட்டிப் புலவரிடமும் திரும்பப் போனேன். ஹெல்மெட் விளக்கு கையில் வைத்தால் ஒரு எலுமிச்சம்பழ எடைதான். பட்டை துளைக்குள் நுழைகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் திருகுப் பிடி வைத்து, ஒயர் இல்லாமல் ஒன்று வந்திருக்கிறது. விலையும் சரி. ஆனால் அதன் பொத்தான் சின்னதாக இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு அமுக்க முடியுமா என்று யோசனை. தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்றும் புலவருக்குச் சொல்லத் தெரியவில்லை, பெட்டியில் ஒரு சொட்டுப் படம் போட்டிருக்கிறது என்கிறார். கடைசியில் அவரே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிதானமாக, நான் படிக்கும்படி சொன்னார்: "பெரியவரே, இவ்வளவு யோசிச்சு நான் வீடுகூடக் கட்டினதில்லைங்க."

பொத்தான் பற்றி உங்கள் அபிப்பிராயம் எழுதுங்கள். நானும் அவசரப்படவில்லை.

உங்கள் மாமா


மே 20

உங்கள் இரண்டு வரியும் வந்தது, கையெழுத்துப் போட்ட காகிதமும் வந்தது. நான் சௌக்கியம்.

விளக்கு விஷயத்தை முடிக்கச் சொன்னேன். நீங்கள் முடிக்கவில்லை. பொத்தானுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பா உங்கள் கடிதங்களை மேஜையில் விரித்து, மேலே மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போகிறார். படிக்கக் கூடாதுதான். எல்லாவற்றையும் படித்தேன்.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தி, மாத்திரை போட்டுக்கொள். அப்பாவுக்கு மாத்திரை எந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் இருந்தால் எந்தக் கைக்கு வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். என் முழங்காலும்தான் ஒரு வருஷமாக வலித்தது. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்து, "சரி, உன் இஷ்டம்" என்றீர்கள். பிறகு தட்டைக் கழுவி வைத்தீர்கள்.

இந்த மனிதருக்கு அக்கறை காட்டத் தெரியாது, அது அவருடைய சுபாவம், அவரைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் நான் வெளியே வந்தேன். தெரியும் என்று இப்போது தெரிகிறது. நாலு பக்கம் எழுதுகிற அளவுக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்திருந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை.

இனி அப்பாவின் உறைக்குள் துண்டுச் சீட்டு வைக்க மாட்டேன்.


ஆகஸ்ட் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மூன்று கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். டாக்டர் என் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, குழாய் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். அத்தைக்குத்தான் தூக்கம் சரியில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. பாப்பா வந்த அன்றே தெரியும். நான் கொல்லையில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் சமையலறை ஜன்னலை நன்றாகச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள். சாத்தினால் எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள். திறந்திருந்தால் மட்டும் கேட்டுவிடுமா? என் முன்னால் நின்று பேசுவது மாதிரி ஒரு வார்த்தை பாக்கி இல்லாமல் பார்த்தேன். பாவம், எனக்கு மறைக்க வேண்டும் என்கிற கவலையில் நான் எப்படிக் கேட்பேன் என்பதையே மறந்துவிட்டார்கள். அவர்களாகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் செயினில் விட்ட எண்ணெய் இன்னும் வழிகிறது.

தெரிந்துகொண்டே எதற்கு விளக்கைப் பற்றி எழுதினேன் என்று கேட்பீர்கள். வாங்கிவிட்டால் உங்களுக்கு எழுத எனக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது? ஒயர் வைத்த அந்த இரண்டாவது விளக்கே எனக்குப் போதும். ஒயரை ஒரு துணி நாடாவால் கட்டினால் கதை முடிந்தது. உங்களுக்கும் அது தெரியும். சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஒயர் கட்டுகிறவருக்கு இது தெரியாதா? நான் பாதி குறை கண்டுபிடித்தேன், மீதியை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

இப்போது மகளின் தகப்பனாகக் கேட்கிறேன். ஒரு தடவை வாருங்கள். அவளிடம் பேசுங்கள். அவள் இன்னும் உங்கள் எழுத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் பார்த்தேன்.

உங்கள் மாமா


ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்பதை முதலில் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். அத்தைக்கு என் வணக்கம்.

நான் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வாசலில் உங்கள் சைக்கிளைப் பார்ப்பேன். பின் பிரேக் தளர்ந்திருக்கும். அதைச் சரி செய்ய உட்கார்ந்துவிடுவேன், நீங்கள் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பீர்கள். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறாள். என்ன வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னொரு தடவை அவளை அங்கே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சுரங்கச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். "என்ன யோசிக்கிறீங்க" என்று அவள் கேட்டால் வாய் அடைத்துப்போகும். அவள் போகிறேன் என்றபோது நான் சரி என்றது, போ என்று அர்த்தம் வைத்துச் சொன்னதல்ல. அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. தட்டைக் கழுவிக்கொண்டு நின்றபோது மற்ற வார்த்தைகள் எல்லாம் வந்தன. அதற்குள் அவள் அறைக்குள் போய்விட்டாள்.

உங்களோடு எனக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. இருட்டில் உங்களால் உதட்டைப் படிக்க முடியாது. ஆகவே நாம் பேசவே வேண்டியதில்லை. நீங்கள் முன்னால், நான் பின்னால், குன்றைச் சுற்றி வந்துவிடுவோம். என் வாழ்க்கையில் ஒருவரோடு இருந்துகொண்டு எதையாவது சொல்ல வேண்டுமே என்று பயப்படாமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் மாமா. இதை எழுத்தில் சொல்வதற்கே எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்துவிடும் என்றார் வக்கீல். அதன்பிறகு உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவரையே கேட்கலாமா என்றிருந்தது. சிரிப்பார் என்று கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். தீர்ப்பு வந்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கலாமா? விளக்கைப் பற்றியே எழுதுகிறேன். வேறு எதையும் எழுத மாட்டேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

அத்தையும் நானும் நலம். தலைப்பில் மாப்பிள்ளை என்று எழுதிவிட்டு இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கை அப்படியே பழகிவிட்டது. கையை ஒன்றும் சொல்வதற்கில்லை.

விளக்கு வாங்கிவிட்டேன். ஹேண்டில் பாருக்கு அந்த ஒயர் வைத்தது, ஹெல்மெட்டுக்குச் சின்னது. புலவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம் தம்பி. இது நானாக எடுத்த முடிவு. பாப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவள் பேரில் வருத்தம் வைக்காதீர்கள். எனக்கும் வயதாகிறது, கண் முன்போல் இல்லை, கடிதம் எழுதி மாளவில்லை. அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை எனக்குப் பிடிக்கும். அவள் நான் பெற்ற பிள்ளை. இதற்கு மேல் எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் நல்ல மனிதர். உங்களிடம் அவளுக்கு வேண்டியது இருந்தது, அது அவள் கைக்கு வந்து சேரவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடுதான் உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருந்தேன். இனி வேறு ஒருத்தி வந்து கதவருகில் நின்றால், பிரேக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். சொல்ல ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சுரங்கத்துக்குள் ஜாக்கிரதை.

இப்படிக்கு,
நான்தான்


அக்டோபர் 17

உங்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சௌக்கியமா என்று கேட்கும் உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன்.

அப்பாவின் கடைசிக் கடிதத்தையும் நான்தான் தபாலில் போட்டேன். ஒட்டும் முன்பு படித்தேன். அவராக எடுத்த முடிவு என்று எழுதியிருந்தார். அது பொய். நான்தான் கேட்டேன். உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை அவர் எனக்குக் கொடுத்து, "இதுக்கு என்னம்மா பதில் எழுதட்டும்" என்றார். படித்தேன். பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் சரியாகப் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னேன்: "எழுதாதீங்கப்பா. உங்களுக்கு அவர் எழுதறதைப் படிக்கிறப்பல்லாம் நான் திரும்ப அங்கே போயிடறேன். மறுபடி அங்கிருந்து வெளியே வர என்னால முடியலை." அவர் தலையாட்டினார். அன்றைக்கு மாலையே கடைக்குப் போய் விளக்கை வாங்கி வந்துவிட்டார்.

என்மேல் உங்களுக்குக் கோபம் வரக் கூடாது என்று பழியைத் தன் கண் மேலும் வயது மேலும் போட்டுக்கொண்டார். அவருடைய கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவர் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது நான். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று விளக்கை மாட்டிக்கொண்டு முதல் தடவையாகக் குன்றுப் பக்கம் போய் வந்தார். வந்ததும் உட்காராமல் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிறகு உள்ளே வந்து என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். வேர்களின் நிழல் எவ்வளவு நீளம் விழுந்தது, வளைவில் தலை விளக்கு எப்படி முன்னால் போய் வழி காட்டியது, தூசி எங்கே நின்றது என்று. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு கேள்வி வரும் என்று அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா" என்றார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் இரண்டு வரி எழுதினால் என்னால் தாங்க முடியாது. நாலு பக்கம் எழுதினால் நான் கிளம்பி வந்துவிடுவேன்.